பிருகுவா, பிரம்மதாலா: எந்த லீவுக்கு எந்த ஏரி?

பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ உட்கார்ந்துகொண்டு இமயமலை ஏரிக்கு நடக்கத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது போட்டோவை, அடுத்து லீவை. ஆனால் பார்க்க வேண்டிய முதல் விஷயம், ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பதுதான். கடல் மட்டத்திலேயே வளர்ந்த உடம்புக்கு ஏறுகிற உயரத்தைவிடத் தூங்குகிற உயரம்தான் வம்பு செய்யும். முதல்முறை போகிறவர்கள் அதிகம் விசாரிக்கும் இரண்டு ஏரிகளை, அதாவது மணாலிக்கு மேலே இருக்கும் பிருகுவையும் உத்தராகண்டின் பிரம்மதாலையும், அந்தக் கண்ணோட்டத்தில் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கலாம்.

உத்தராகண்டின் இன்னொரு பேர்பெற்ற ஏரியான ரூப்குண்டை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: 2018ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை போட்டது. பேத்னி புல்வெளியில் கூடாரம் போட்டுப் போகிற பழைய வழி அதோடு அடிபட்டது. பிரம்மதாலும் ரூப்குண்டைப் போலவே லோஹாஜங் கிராமத்திலிருந்துதான் தொடங்குகிறது.

நம் லீவும் அவர்கள் பருவமும்

மே மாதக் கோடை லீவு, செப்டம்பர் கடைசியில் காலாண்டு, டிசம்பர் கடைசியில் அரையாண்டு, ஜனவரியில் பொங்கல். முதல் இரண்டும் பிருகுவுக்கு, பின்னிரண்டும் பிரம்மதாலுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி இருக்கிறது.

மே தொடக்கத்தில் பிருகுவின் மேல்சரிவு பெரும்பாலும் பனிக்குள்தான் கிடக்கும். ஏரியும் பாதி மூடியிருக்கும். மே கடைசி வாரத்தில் கீழே புல்லும் மேலே பனியுமாக இரண்டும் கிடைக்கும், ஆனால் பள்ளி திறக்கும் நாளும் நெருங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு பெருகி குலு–மணாலி சாலையைப் பல இடங்களில் அடித்துக்கொண்டு போனது. தென்மேற்குப் பருவமழை ஹிமாச்சலை விட்டு விலகுவது சராசரியாகச் செப்டம்பர் கடைசி வாரத்தில். காலாண்டு லீவு அதையொட்டியே வருவது நம் அதிர்ஷ்டம். அந்த வாரத்தில் புல் பழுத்து மஞ்சளாகியிருக்கும், வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், வழியில் பனி அநேகமாக இருக்காது.

பிரம்மதாலுக்குப் பனி கொண்டுவருவது பருவமழை அல்ல. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் அலையலையாக வரும் மேற்கத்திய இடையூறு என்கிற வானிலை அமைப்புதான். அது தேதி சொல்லிவிட்டு வருவதில்லை. அரையாண்டு லீவில் போனால் காய்ந்த புல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவும் வாய்ப்பு உண்டு, கூடவே புத்தாண்டுக் கூட்டம் வேறு. பொங்கல் வாரம் மேல். லீவு கிடைக்குமானால் பிப்ரவரி அதைவிட மேல். மார்ச் கடைசியில் பனி வற்றத் தொடங்கும்போது காட்டில் புரான்ஷ் பூத்திருக்கும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறோமே, அதன் சொந்தக்கார மரம்.

தூங்குகிற உயரம்

3,000 மீட்டருக்கு மேல் போனபிறகு, ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவர்களின் பொது விதி.

பிரம்மதாலில் லோஹாஜங் சுமார் 2,300 மீட்டர், பேகல்தால் முகாம் சுமார் 2,950, பிரம்மதால் முகாம் சுமார் 3,200. மேலே உச்சி சுமார் 3,700 மீட்டர்தான், அதுவும் தொட்டுவிட்டு இறங்குவது. இந்த ஏணியில் படிகள் ஒழுங்காக இருக்கின்றன.

பிருகுவில் மணாலி சுமார் 2,050, நடை தொடங்கும் குலாபாவுக்கு மேலே முதல் முகாம் சுமார் 3,100, அடுத்த முகாமான ரோலா கோலி சுமார் 3,800, ஏரி சுமார் 4,235. மூன்றாவது ராத்திரியே 700 மீட்டர் தாவல். ஏரிக்கரையில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். வழி சுலபம், ஏற்றம் மிதமானது, ஆற்றைக் கடக்கும் சிக்கலும் பெரிதாக இல்லை. அதனால்தான் இதை எளிய ட்ரெக் என்று விற்கிறார்கள். கால்களுக்கு எளிதுதான், நுரையீரலுக்கு அல்ல. குலாபாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் திட்டத்தை மூன்று நாள் முன்பு எண்ணூர் கடற்கரையில் நின்றவர் எடுக்கவே கூடாது. மணாலியில் முழுதாக ஒரு நாள், முதல் முகாமில் இன்னொரு ராத்திரி கூட்டிக்கொண்டால் பிருகுவும் நியாயமான ட்ரெக் ஆகிவிடும்.

தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அளவுமீறிய அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது உயர நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஏறுவதை நிறுத்தி அதே இடத்தில் ஓய்வு. குறையவில்லை என்றால் இறக்கம். சந்தேகம் இருந்தால் ஒரு நேர்கோட்டில் குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டிப் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோக்கிறது. இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே இறக்க வேண்டும். முன்தடுப்புக்கு அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று என ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்குவது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு இது சிக்கல் தரலாம் என்பதால் இங்கேயே டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பனி, ஐஸ், இரண்டுக்கும் நடுவே

நம் மொழியில் மார்கழி விடியலில் புல்நுனியில் இருப்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. மலையில் இந்தத் தாராளம் உதவாது. விழுந்து கிடப்பதைப் பனி என்றும், கண்ணாடியாக இறுகியதை ஐஸ் என்றும் இங்கே பிரித்துக்கொள்வோம். பிரம்மதாலில் பெரும்பாலும் பனி. பிருகுவில், அக்டோபரில் போனால், ஐஸ்.

பனி மணிக்கு மணி மாறும். விடிகாலையில் அது சிமெண்டுத் தரை. ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல்லான மைக்ரோஸ்பைக் இருந்தால் கடித்து நிற்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினால் மேல்பரப்பு இளகி, கால் முழங்கால்வரை, சில இடங்களில் தொடைவரை இறங்கும். பாறை, புதர் இவற்றின் ஓரத்தில்தான் மிக ஆழமாக இறங்கும், ஏனென்றால் அவை வெயிலில் சூடாகித் தம்மைச் சுற்றியிருக்கும் பனியை உள்ளுக்குள் கரைத்துக் குழியாக்கிவிடுகின்றன. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே பாறையை விட்டு ஓரடி அல்ல, ஓராள் தள்ளி நடக்க வேண்டும். இளகிய பனி ஸ்பைக்கின் அடியில் கட்டியாகச் சேர்ந்தால் பல் தரையைத் தொடாது. சில அடிக்கொருமுறை கோலால் ஷூவின் பக்கத்தில் தட்டி உதிருங்கள். பிரம்மதால் உச்சிக்கு இருட்டிலேயே கிளப்பிவிடுவது த்ரிஷூல், நந்தா குண்டி சிகரங்களில் படும் முதல் வெயிலுக்காக மட்டும் இல்லை, இளகுவதற்குள் இறங்கிவிடத்தான்.

ஐஸ் வேறு மாதிரி. காசிமேட்டில் ஐஸ் பார் தூக்குகிறவர்களுக்கு இது தெரியும்: நல்ல குளிரில் இருக்கும் ஐஸ் கையில் ஒட்டும், வியர்க்க ஆரம்பித்த பிறகுதான் வழுக்கும். பிருகு வழியில் அக்டோபர் காலைகளில் ஊற்றுநீர் கசியும் பாறைமேல் படலம் படலமாக ஐஸ் படிந்திருக்கும். வெயில் தொட்ட முதல் அரைமணி நேரம்தான் மோசம். பாறை கருத்துப் பளபளத்தால் மிதிக்காதீர்கள், பக்கத்துப் புல்லில் கால் வையுங்கள்.

உறைந்த பிரம்மதால் ஏரிமேல் நின்று போட்டோ எடுப்பது ஒரு வியாதியாகப் பரவியிருக்கிறது. ஓராள் நிற்கத் தெளிந்த ஐஸே 10 சென்டிமீட்டராவது வேண்டும். வெள்ளையாகக் குமிழியோடு இருக்கும் ஐஸுக்கு அதில் பாதி பலம்தான். மேலே பனி மூடியிருந்தால் அது கம்பளிபோலக் குளிரைத் தடுத்து அடியில் ஐஸைத் தடிக்கவிடாது. தண்ணீர் வந்து சேரும் முனையில் இன்னும் மெல்லிசு. பிருகுவில் இந்தச் சபலத்துக்கு இடம் குறைவு. அந்த ஏரி எந்தக் குளிரிலும் முழுசாக உறையாது என்பதும், பிருகு முனிவர் தவம் செய்த இடம் என்பதும் ஊர்க்காரர் நம்பிக்கை. இறங்கிக் குளித்து அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பனியில் போகிறவர்களுக்குக் கண்ணாடி ஆடம்பரம் அல்ல. புதுப் பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பியடிக்கும். பாரிஸ் கார்னர் நடைபாதைக் கூலிங் கிளாஸ் இருட்டை மட்டும் தந்து கண்மணியை விரியவைக்கும், கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். அதற்கு வெறுங்கண்ணே தேவலை.

பரணில் இருக்கும் ஷூ

இது வடசென்னைக்கென்றே எழுத வேண்டியது. பல ட்ரெக் ஷூக்களின் நடு அடித்தட்டு பாலியூரித்தேன். ஈரக்காற்று அதை உள்ளேயே சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும். ராயபுரம், திருவொற்றியூர் வீட்டுப் பரணில் நாலைந்து வருஷம் பெட்டிக்குள் தூங்கிய ஷூ பார்க்கப் புதிதாகவே இருக்கும். மூன்றாம் நாள் சரிவில் அடித்தட்டு பிஸ்கட்டாக உதிர்ந்து சோல் வாயைப் பிளக்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் அழுத்துங்கள். தூள் உதிர்ந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ குப்பைக்கு. நல்ல ஷூ என்றாலும் சோல் பிளந்தால் இறுக்கிக் கட்டப் பையில் நாலு கேபிள் டை இருக்கட்டும். பசை குளிரில் பிடிக்காது. புதிது வாங்கினால் சாயங்காலம், தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். விரல்களை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுக்கும்.

பயிற்சிக்கு நமக்கு மலை இல்லை, மாடி இருக்கிறது. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் தரையிலிருந்து மொட்டைமாடி சுமார் 12 மீட்டர். நாற்பது முறை ஏறினால் 480 மீட்டர், இரண்டு ட்ரெக்கிலும் உச்சி நாளின் ஏற்றம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆறு கிலோ பையோடு, இறங்குவதையும் படியிலேயே செய்யுங்கள், முட்டி பழக வேண்டியது இறக்கத்துக்கு. தெரியாத கால்களுக்கு ஒரு தேர்வு: அலிபிரி வழியாகத் திருமலை, 3,550 படி. ஏறிய மறுநாள் தொடை பிடிக்காமல் ஆபீஸ் போக முடிந்தால் பிருகு தாங்கும். பிரம்மதாலுக்குப் பனியில் கால் புதைவதால் அதைவிடக் கொஞ்சம் கூடவே வேண்டும்.

குளிர் பற்றிச் சுருக்கமாக: செப்டம்பர் கடைசியில் ரோலா கோலி ராத்திரி பூஜ்ஜியத்தை ஒட்டி, ஜனவரியில் பிரம்மதால் மைனஸ் பத்து வரை. இரண்டுக்கும் பருத்தி பனியன் ஆகாது. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு நின்றவுடன் ஐஸ்பெட்டியாகிவிடும்.

தீர்ப்பு

முதல்முறை, நாற்பதைத் தாண்டியவர், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்: டாக்டர் சரி என்றால் பிரம்மதால், பிப்ரவரியில். முதல்முறை, இளவயது, பனியைவிடப் புல்வெளி பிடிக்கும் என்றால் பிருகு, காலாண்டு லீவில், மேலே சொன்ன கூடுதல் நாட்களோடு. அம்மா அப்பாவையும் கூட்டிப் போக வேண்டும் என்றால் இரண்டும் வேண்டாம். ஹிமாச்சலில் மண்டி ஊர்ப் பக்கம் பராஷர் ஏரி 2,730 மீட்டர், கிட்டே வரை வண்டி போகும், ஏரிக்குள் மிதக்கும் திட்டும் மரக்கோயிலும் உண்டு. காஷ்மீர் கிரேட் லேக்ஸ் எல்லாவற்றையும்விட அழகு, சண்டையே இல்லை. ஆனால் ஏழெட்டு நாள், இடையில் எளிதாக வெளியேற வழி கிடையாது. அது மூன்றாவது ட்ரெக்.

நாள் கணக்கில் பிரம்மதால் கூட இழுக்கும். ரயில் பாதை முடியும் காத்கோதாமிலிருந்து லோஹாஜங்குக்கே சுமார் பத்து மணி நேரச் சாலை. சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் மூன்றாம் நாள் காலை டெல்லி. போகவர ரயில் என்றால் எந்த ஏரிக்கும் பத்து நாள் வேண்டும், ஒரு பக்கமாவது விமானம் போட்டால்தான் லீவுக்குள் அடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளம்புகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இமயம் காய்ந்து கிடக்கும் அதே நாட்களில்தான் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை. பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி நடுவே 14ஆம் எண் பாலத்தில் தண்ணீர் ஏறினால் சென்ட்ரல் ரயில்கள் ரத்தாகும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் ஆனதுபோல. டெல்லியில் ஒரு நாள் இடைவெளி வைத்து முன்பதிவு செய்யுங்கள்.