தனுஷ்கோடி போட்டோ டூர்: 11,800 ரூபாய் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

சனிக்கிழமை நடந்தது, இன்று செவ்வாய்க்கிழமை. மூன்று நாளாக இவர்களுக்குப் போன் செய்து செய்து வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் இறங்கவில்லை, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ராமேஸ்வரத்தில் "ஒரு நாள் போட்டோகிராபி டூர்" என்று விளம்பரம் பார்த்தீர்கள் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடுங்கள்.

நான் எதற்குப் போனேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பத்தா பிறந்த ஊர் தனுஷ்கோடி. 1963-ல் கல்யாணமாகிப் பரமக்குடிக்கு வந்துவிட்டாள். மறு வருஷம் டிசம்பர் 22 ராத்திரி புயல். பாம்பனிலிருந்து போன ரயிலையே கடல் இழுத்துக்கொண்டது எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனால் எங்கள் வீட்டில் அது கதை இல்லை, அப்பத்தாவின் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் அன்றைக்குப் போனார்கள். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது எண்பது வயது, முட்டி வலி, இனி போகவும் முடியாது. பொங்கலுக்குப் போயிருந்தபோது என்னிடம், "அந்த சர்ச்சு செவுரு இன்னும் நிக்குதாடா? ராத்திரி அங்க மணல்ல படுத்தா வானம் பூரா வெள்ளியா கெடக்கும்டா" என்றாள். அந்தச் சுவரையும் அந்த வானத்தையும் ஒரே படத்தில் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அவள் கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் தொழில்முறை போட்டோகிராபர் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படம் எடுக்கிற ஆள். பால்வீதியின் பிரகாசமான பகுதி பிப்ரவரியில் விடியலுக்கு முன்னால்தான் தென்கிழக்கில் எழும்பும், நிலா வெளிச்சமும் இருக்கக்கூடாது என்கிற அளவுக்குத் தெரியும். அதனால் அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால் வருகிற சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். டூர்களைப் பதிவு செய்கிற ஒரு ஆப்பில் தேடியபோது இது வந்தது. "அதிகாலை 3.30 முதல் இரவு 7 வரை, நான்கு பேர் மட்டும், அனுபவமுள்ள போட்டோகிராபர் வழிகாட்டி, தனுஷ்கோடி சிதிலங்களில் நட்சத்திரப் படம், அரிச்சல்முனையில் சூரிய உதயம், பூநாரைகள், பாம்பன் பாலத்தில் அஸ்தமனம்." ஆளுக்கு 4,500 ரூபாய். எனக்கும் மனைவிக்கும் 9,000.

கட்டுவதற்கு முன்னால் நான் கேட்காமல் இல்லை. ஆப்பில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினேன். நான் விழுந்தது அந்த அரை மணி நேரத்தில்தான். எடுத்தவர் என்னிடம் முதலில் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை, "என்ன லென்ஸ் வச்சிருக்கீங்கண்ணே?" என்றுதான். 24 எம்எம் லென்ஸ் இருக்கிறது என்றேன், "சர்ச்சுக்கு அது போதும், பூநாரைக்கு 600 வேணும், மதுரையில வாடகைக்கு எடுத்துட்டு வந்துடுங்க" என்றார். ரோட்டுக்கு வலது பக்கம் அலையடிக்கிற ஆண்கடல், இடது பக்கம் அமைதியான பெண்கடல், எந்தப் பக்கம் நின்றால் அலை கிடைக்கும், எந்தப் பக்கம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடைக்கும் என்றெல்லாம் சொன்னார். மீனவர்கள் கையால் மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிற ஊற்றைக் காட்டுகிறேன் என்றார். அப்பத்தா விஷயத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, உங்க படத்துக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த வார்த்தையை நான் அப்படியே நம்பினேன். எங்கள் வீட்டு ஆள் மாதிரி பேசினார்.

அப்புறம்தான் சொன்னார், ராத்திரியில் உள்ளே போவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு 2,000, ட்ரோன் படத்துக்கு 800, இதெல்லாம் ஆப்பில் போட முடியாது, என் நம்பருக்கு யுபிஐ பண்ணிவிடுங்கள் என்று. பண்ணினேன். மொத்தம் 11,800 ரூபாய். சர்ச்சுக்கு மேலே பால்வீதி தெரிகிற ஒரு படத்தையும் அனுப்பினார், "போன வருஷம் நான் எடுத்தது" என்று. நேற்று அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்தது. பெயர் போட்டிருந்த மூலையை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மூன்று மணிக்கு எழுந்து ட்ரைபாட், லென்ஸ், டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றோம். 3.30 ஆச்சு, 4 ஆச்சு. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. 4.40-க்கு ஒரு மெசேஜ், "வண்டி ஆன் தி வே". வானம் அவ்வளவு தெளிவாக இருந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, லாட்ஜ் வாசலில் டியூப்லைட் வெளிச்சத்திலேயே நட்சத்திரம் தெரிந்தது. வண்டி வந்தது 6.10-க்கு. நான்கு பேர் காரில்லை, வேன். உள்ளே ஏற்கெனவே ஐந்து பேர். இன்னும் இரண்டு லாட்ஜில் நிறுத்தி ஆள் ஏற்றினார்கள், மொத்தம் பதினொரு பேர். எங்களைத் தவிர யாரிடமும் கேமரா இல்லை. அவர்களிடம் விற்றது "தனுஷ்கோடி சுற்றிப் பார்க்கும் டூர்", தலைக்கு 700 ரூபாய். அதே வேன், அதே சீட்டு.

என்னிடம் போனில் பேசியவர் வரவே இல்லை. இருபது வயசுகூட ஆகாத ஒரு பையன் வந்திருந்தான். "அண்ணன் வேற பேட்ச்சுக்குப் போயிட்டாரு, இன்னைக்கு நான்தான்" என்றான். ஏறியவுடனே, "ஓடிபி சொல்லுங்கண்ணே, அப்பதான் வண்டி எடுக்க முடியும்" என்று கேட்டான், நானும் தூக்கக் கலக்கத்தில் சொல்லிவிட்டேன். இந்த ஓடிபியை மறந்துவிடாதீர்கள், கீழே வரும்.

தனுஷ்கோடி போகிற வழியில் காவல் சோதனைச் சாவடி இருக்கிறது. அங்கே வண்டி நின்றபோது இறங்கிப்போய் அங்கிருந்த காவலரிடம் கேட்டேன், சார், ராத்திரி அனுமதிக்குப் பணம் கட்டியிருக்கிறோமே, நாளைக்காவது விடியலுக்கு முன்னால் போக முடியுமா என்று. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "காலையில ஆறு மணிக்கு முன்னாடி யாரையும் விடுறதில்ல தம்பி. சாயங்காலமும் இருட்டுறதுக்குள்ள எல்லாரையும் வெளிய அனுப்பிருவோம். அப்படி ஒரு சீட்டை நான் பாத்ததே இல்ல. யார்கிட்ட கட்டுனீங்க?" என்றார். 2,000 ரூபாய் இல்லாத ஒரு அனுமதிக்கு. அந்த இடமே ராத்திரியில் மூடியிருக்கிறது, அது அங்கே தினமும் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அரை மணி நேரம் என்னிடம் பேசியிருக்கிறார்.

சூரியன் உதித்ததை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நிறுத்தச் சொன்னேன், "மத்தவங்க லேட் ஆகுதுங்கிறாங்கண்ணே" என்றான் பையன். சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே கால். அந்த வெளிச்சத்தையாவது விடக்கூடாது என்று ட்ரைபாடை விரித்தேன், பதினைந்து நிமிஷத்தில் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அரிச்சல்முனை. பையன் பையிலிருந்து ட்ரோனை எடுத்துக் கீழே வைத்தானோ இல்லையோ, போலீஸ்காரர் ஒருவர் விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார். இலங்கை எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற இடம், கடலோரக் காவல் எப்போதும் இருக்கிற இடம், அங்கே அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட்டால் என்ன ஆகும்? நல்லவேளை, எச்சரித்து உள்ளே வைக்கச் சொன்னதோடு விட்டார். வழக்கு என்று வந்திருந்தால் பக்கத்தில் நின்றிருந்த என்னையும் சேர்த்துத்தான் விசாரித்திருப்பார்கள்.

அங்கே பதினைந்து நிமிஷம் விட்ட வண்டி, ஒரு சங்கு, பாசிமணிக் கடையில் முக்கால் மணி நேரம் நின்றது. பூநாரைகளைத் திரும்பும்போது பார்க்கலாம் என்று சொல்லியிருந்தான். கோதண்டராமர் கோயில் பக்கம் வந்தபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது, தண்ணீருக்கு மேலே கானல். 2,400 ரூபாய் வாடகை கொடுத்து மதுரையிலிருந்து தூக்கிக்கொண்டு போன லென்ஸில் எல்லாம் நெளிந்து நெளிந்து வெள்ளைப் புள்ளிகளாகத்தான் விழுந்தன. பூநாரையை வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், இதை அந்த ஆளே போனில் எனக்குச் சொன்னார்! 11.20-க்கு லாட்ஜ் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பாம்பன் அஸ்தமனம் எங்கே என்று கேட்டால், "அது ஈவினிங் பேக்கேஜ்ணே, தனி" என்றான்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடைசியில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தபோது சொன்னான், அவனுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய், வேன் கிளீனர் வேலை, கேமராவைத் தொட்டதே இல்லை என்று. யாரோ திட்டு வாங்குவதற்கென்றே அவனை அனுப்பியிருக்கிறார்கள்.

இனிமேல்தான் உண்மையான அலைச்சல். போனில் பேசியவர் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு தடவை எடுத்தார், "அண்ணே ஸ்பாட்டுல இருக்கேன், நைட்டு கூப்புடுறேன்." கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் நம்பரை பிளாக் செய்துவிட்டார், மனைவி போனிலிருந்து அடித்தால் மணி போகிறது. டூர் ஆபீஸில் ஒரு அம்மா எடுத்து, "அந்த 2,800 எங்ககிட்ட வரலை சார், நீங்க தனியா குடுத்ததுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்றார். சரி, மிச்ச 9,000? "அது ஆப்காரங்ககிட்ட கேளுங்க." ஆப்பில் புகார் போட்டால் ஒரு நாள் கழித்துப் பதில், நீங்கள் ஓடிபி கொடுத்துப் பயணத்தைத் தொடங்கியிருப்பதால் சேவை வழங்கப்பட்டதாகக் கருதப்படுகிறது என்று. மறுபடி எழுதினேன், நான்கு பேர் என்று போட்டுப் பதினொரு பேரை ஏற்றினார்கள், நேரம் 3.30 என்று போட்டு 6.10-க்கு வந்தார்கள், இதோ மெசேஜ், இதோ படம் என்று. அதற்கு அடுத்த டூரில் 10 சதவீதம் தள்ளுபடி கூப்பன் அனுப்பி, புகாரை முடித்துவிட்டார்கள். 11,800 ரூபாய் போனவனுக்குக் கூப்பன்!

ஞாயிற்றுக்கிழமை பரமக்குடிக்குப் போய் அப்பத்தாவிடம் இருக்கிற படத்தைக் காட்டினேன். போனைக் கிட்ட வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். சுவரைத் தடவினாள். அப்புறம், "இவுக எல்லாம் யாருடா?" என்றாள். முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்த வேன் ஆட்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

விவரமாக என்னென்ன கவனிக்க வேண்டும் என்று தனியாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு முடியவில்லை, வேகமாகச் சொல்கிறேன். தனுஷ்கோடியில் ராத்திரிப் படம், விடியலுக்கு முன் அனுமதி என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள், முதலில் அங்குள்ள காவல் நிலையத்தில் கேளுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். யார் கூட வருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள், போனில் பேசுகிறவர் வேறு, வருகிறவர் வேறு. வண்டியும் ஆட்களும் சொன்னபடி இல்லையென்றால் ஓடிபி சொல்லாதீர்கள், ஏறவும் ஏறாதீர்கள். ட்ரோன் என்றால் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் பக்கத்தில்கூட நிற்காதீர்கள்.

நேற்று தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கியிருக்கிறேன், அதில் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன், இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. யுபிஐ-யில் போன 2,800-க்கு சைபர் மோசடிப் புகார் எண் 1930-லும் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாராவது இதே மாதிரி "ராத்திரி அனுமதி" என்று ராமேஸ்வரத்தில் பணம் கொடுத்திருந்தால் அந்த மெசேஜ்களையும் ரசீதையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள், எனக்குத் தெரிவியுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.