ஆர்எக்ஸ் 100-க்கு கார்பரேட்டர் வேலை: உக்கடம் பாய் கடை

சித்தப்பாவின் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 என் கைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. போன மழைக்காலத்துக்கு அப்புறம் அதற்கு ஒரு வியாதி. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காது, சிக்னலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு நிற்கும். அப்புறம் என்ன நினைக்குமோ, தானாக அணைந்துபோகும். சைடு ஸ்டாண்டு போட்டு வைத்தால் காலையில் தரையில் பெட்ரோல் வட்டம். மைலேஜ் 24-ஐத் தாண்டவில்லை.

வீட்டுப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்பரேட்டருக்கு மூன்று தடவை 'சர்வீஸ்' செய்தேன். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் நன்றாக ஓடும், ஐந்தாம் நாள் பழைய கதை. வெறுத்துப்போய் ஆன்லைனில் ஒரு புது கார்பரேட்டரே வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்குகிற ஸ்லைடை உள்ளே போட்டு ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. திருப்பி அனுப்பிவிட்டேன். அப்போதுதான் ஆபீஸ் நண்பர் ஒருவர் கோவை உக்கடத்தில் ஒரு பாய் இருக்கிறார், கார்பரேட்டர் வேலை மட்டும்தான் செய்வார் என்றார்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பழைய சாமான் கடைகள் இருக்கிற சந்தில் பத்துக்கு எட்டு இடம், ஒரு மர பெஞ்சு, ஒரு டியூப்லைட். சுவரில் ஆணி அடித்து ஆணிக்கு ஒரு கார்பரேட்டராக மாட்டி வைத்திருக்கிறார். புல்லட்டுடையது, யெஸ்டியுடையது, லாம்பியுடையது என்று தொங்குவதைப் பார்த்தே அரை மணி நேரம் போய்விடும்.

நான் போனதும், "பாய், கார்பரேட்டரைக் கழற்றி முழுசா க்ளீன் பண்ணிடுங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, கார்பரேட்டர் என்ன பாவம் பண்ணுச்சு?"

இந்தக் கடைக்கு நான் மார்க் போடுவது இந்த ஒரு கேள்விக்குத்தான். அடுத்த ஒரு மணி நேரம் அவர் கார்பரேட்டரைத் திறக்கவே இல்லை. முதலில் பெட்ரோல் டேங்க் டேப்பிலிருந்து டியூபை உருவி ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அடியில் குண்டுமணி அளவுக்குத் தண்ணீர் உருண்டது, கூடவே துருத்தூள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் டேங்கே முதல் எதிரி என்பது அவர் கணக்கு. அப்புறம் பிளக்கைக் கழற்றினார், கரி பிடித்து ஈரமாக இருந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தார். வண்டியை ஸ்டார்ட் செய்து, கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஜாயிண்டைச் சுற்றி க்ளீனர் ஸ்ப்ரே அடித்தார். ஒரு இடத்தில் அடித்ததும் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. இன்ஜினை அணைத்து, ஜாயிண்டைக் கழற்றி வளைத்துக் காட்டினார். குதிகால் பித்தவெடிப்பு மாதிரி அடிப்பக்கம் நீளமாக வாய் பிளந்தது. அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோலின் விகிதம் குறைந்து, ரேஸ் இறங்காமல் நின்றிருக்கிறது.

சரி, அப்படியென்றால் பிளக் ஏன் கரியாக வேண்டும்? அதற்கு விடை கார்பரேட்டருக்குள் இருந்தது. இது மிகுனி கம்பெனியின் விஎம் 20 மாடல். அதில் வண்டி சும்மா நிற்கும்போது பெட்ரோல் விடுகிற துளையுள்ள ஸ்லோ ஜெட்டைக் கழற்றி, டப்பாவிலிருந்து அதே நம்பர் புது ஜெட் ஒன்றை எடுத்து, இரண்டையும் டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். புதியதில் ஊசிமுனை அளவு உருண்டையான வெளிச்சம். என்னுடையதில் வெளிச்சம் பெரிதாக, முட்டை வடிவில். பித்தளை ஜெட்டில் யாரோ இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார்கள். காற்று கசிவதைக் கண்டுபிடிக்காமல், பெட்ரோலை அதிகமாக்கிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். நாலு நாள் நன்றாக ஓடிய ரகசியம் இதுதான். கார்பரேட்டர் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கிற ஃப்ளோட் நீடில் நுனியில் மோதிரம் போட்டாற்போல் ஒரு தேய்மானக் கோடு, தரையில் பெட்ரோல் வட்டம் அதன் கைங்கரியம்.

க்ளீனிங் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அல்ட்ராசோனிக் மெஷின் எல்லாம் கிடையாது. ரப்பர் சாமான்களைத் தனியாக எடுத்துவிட்டு ஊறப்போடுகிறார், பக்கத்து பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஒவ்வொரு துவாரமாகக் காற்று அடிக்கிறார். மெஷின் வைத்திருக்கிற இடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

டியூனிங்தான் பார்க்க வேண்டிய வேலை. வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி வரச் சொன்னார். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவை மெதுவாக, உட்காரும் வரை மட்டும் மூடினார். இறுக்கினால் நுனி கெட்டுவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்தார். பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பி, ரேஸ் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்தி, சும்மா நிற்கும்போது இருக்கிற ரேஸை மாற்றுகிற ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்தார். மறுபடி ஏர் ஸ்க்ரூ, மறுபடி ஐட்லிங். நான்கைந்து தடவை இப்படி. கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார், காதுதான் வேலை செய்கிறது. ஆக்ஸிலேட்டர் கேபிள் நடுவில் பிரிந்து ஒன்று ஆயில் பம்புக்குப் போகிறதல்லவா, அந்தப் பம்பின் செட்டிங் மார்க்கையும் சேர்த்துப் பார்த்தார். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் குறைந்தால் பிஸ்டன் ஜாம் ஆகி, கார்பரேட்டர் செலவைப் போல் பத்து மடங்கு வைத்துவிடும்.

கடைசியாக என்னைக் குனியமுத்தூர் தாண்டி பாலக்காடு ரோட்டில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, முறுக்கின வேகத்திலேயே க்ளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, அங்கேயே பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெளுப்பு என்றால் குறைவு. வந்தது டிகாக்‌ஷன் நிறத்தைவிடக் கொஞ்சம் வெளிர்.

ஊட்டிக்குப் போவதாகச் சொன்னேன். அங்கே 7,000 அடிக்கு மேல் காற்று இளைத்து, கலவையில் தானாகவே பெட்ரோலின் விகிதம் கூடிவிடும். வண்டி இழுக்கத் திணறினால் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திற, அதற்கும் அடங்காவிட்டால் ஸ்லைடோடு தொங்குகிற நீடிலில் க்ளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்று, கீழே இறங்கியதும் மறக்காமல் பழைய இடத்தில் போடு என்றார். கோத்தகிரி வழியாகப் போனேன். கால் சுற்றே போதுமாக இருந்தது. இப்போது மைலேஜ் 36, காலையில் இரண்டாவது உதைக்கு ஸ்டார்ட் ஆகிறது.

குறைகளும் உண்டு. சாமானுக்கு 1,150, கூலி 450 ஆயிற்று, பில் கிடையாது. 'நாளைக்கு' என்றால் மூன்றாம் நாள். வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும், ஃபோன் அடித்தால் எடுக்க மாட்டார். சத்த சைலன்சரும் திறந்த ஃபில்டரும் மாட்டிய வண்டியைத் தொடவே மாட்டார். நான் இருக்கும்போதே ஒரு பையனை, "முதல்ல கம்பெனி ஃபில்டர் பாக்ஸை மாட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். பையன் முகம் பாவமாக இருந்தது. கொஞ்சம் தன்மையாகச் சொல்லியிருக்கலாம்.

கிளம்பும்போது பழைய ஜெட்டை ஞாபகத்துக்காகக் கேட்டேன். கட்டிங் ப்ளேயரால் நன்றாக நசுக்கிய பிறகே கையில் கொடுத்தார். அப்படியே குப்பையில் போட்டால் அடுத்த வாரம் இதே சந்தில் யாராவது பாலிஷ் போட்டு ஒரிஜினல் என்று விற்பார்களாம்.