மழை அளந்த கொள்ளுத்தாத்தாவைத் தேடித் தந்த கூகுள் புக்ஸ்

அம்மாவின் தாத்தா மழை அளக்கும் வேலை பார்த்தார். எங்கள் வீட்டில் அவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். எந்த வருடம், யாருக்குக் கீழே என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. மூன்று மாதமாக ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கி, கூகுள் புக்ஸில் அவரைத் தேடினேன். கிடைத்தார். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்த விமர்சனம்.

கூகுள் புக்ஸ் 2004-இல் தொடங்கியது. 2019 வாக்கில் நான்கு கோடிப் புத்தகங்களுக்கு மேல் ஸ்கேன் செய்திருந்தார்கள். அதில் கதை, கட்டுரை மட்டும் இல்லை. துறை ஆண்டறிக்கை, ஊழியர் பட்டியல், சங்க இதழ் எல்லாம் உண்டு. சாதாரண மனிதர்களின் பெயர் அச்சேறியது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான்.

பெயரை ஒரே மாதிரி எழுதித் தேடினால் ஆள் அகப்பட மாட்டார். அவர் பெயர் சுப்பிரமணியன். ஆங்கிலத்தில் ‘சு’வுக்கு ஒரு யு போடலாம், இரண்டு ஓ போடலாம். கடைசியில் என், எம், அல்லது இரண்டும் இல்லாமலும் எழுதினார்கள். இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். போதாததற்கு, பழைய அச்சை மென்பொருள் படிக்கும்போது ஆர், என் இரண்டும் ஒட்டி எம் ஆகிவிடும். ஒரு நோட்டில் பதினோரு விதமாக எழுதிவைத்து, ஒவ்வொன்றோடும் ‘மழைமானி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தேடினேன். ஒன்பதாவதில், ஒரு பழைய மழை அறிக்கையில் மாட்டினார்.

வந்தது முழுப் பக்கம் இல்லை, ஒரு துண்டு. முழுதாகக் காட்ட அனுமதி இல்லாத புத்தகங்களில், ஒரு தேடலுக்கு மூன்று துண்டுகளுக்கு மேல் காட்டாது. ஒரு துண்டு என்பது பக்கத்தில் சுமார் எட்டில் ஒரு பங்கு. ‘மூன்று மாதம் விடுப்பில் சென்றார், அவருக்குப் பதிலாக’ என்ற இடத்தில் வரி அறுந்து நின்றது. அந்தக் கடைசிச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு மறுபடி தேடினேன். அடுத்த துண்டு வந்தது: ‘அவருடைய தம்பி அளவெடுத்தார்.’

அம்மாவுக்குப் போன் செய்தேன். “தாத்தாவுக்குத் தம்பி இருந்தாரா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அப்புறம் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலர். வெறும் பெயரைத் தட்டினால் அதே பெயருள்ள ஆராய்ச்சியாளர்கள்தான் வரிசையாக வருவார்கள். அறிக்கையின் தலைப்பைத் தட்ட வேண்டும். கட்டுரைக்குள் இருக்கும் அடிக்குறிப்பு வரை அது தேடுவதால், பழைய மழைப் பதிவுகளைப் பற்றிய ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பு கிடைத்தது. அந்த அறிக்கையில் எத்தனை தொகுதிகள், எந்தெந்த வருடம் என்பதெல்லாம் அதில் இருந்தது.

நூலகங்கள் சேர்ந்து நடத்தும் மின்நூலகமான ஹாத்தி டிரஸ்டையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தைக் காட்ட முடியாத புத்தகத்திலும், சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லிவிடும். அந்தப் பக்க எண்ணைக் கொடுத்துத்தான் ஒரு நூலகத்தில் நகல் வாங்கினேன்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரு தளத்தில் புத்தகத்தின் வருடம் தப்பாகப் பதிவாகி இருந்ததை நம்பி, அதே பெயருள்ள இன்னொருவரை இரண்டு வாரம் எங்கள் தாத்தா என்றே நினைத்திருந்தேன். தலைப்புப் பக்கத்தில் அச்சான வருடத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

கூகுள் புக்ஸுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், ஸ்காலருக்கு மூன்றரை. பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டுமே சரிவராது.

நகல் போன வாரம் வந்தது. அளவெடுக்கும் நேரம் காலை எட்டு மணி என்று மேலே போட்டிருந்தது. “எட்டு மணிக்கு முன்னாடி அவர் காபிகூடக் குடிக்க மாட்டாராம், பாட்டி சொல்வார்” என்றார் அம்மா. இப்போது தம்பியின் பெயரைப் பதினோரு விதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.