சோலார் ஹீட்டரும் குழாயில் தங்கும் மூன்று லிட்டரும்: நாலு டிசம்பர் அனுபவம்

போன வாரம் மச்சான் போன் செய்தான். "சோலார் ஹீட்டர் விலை இறங்கியிருக்காம், கிறிஸ்துமஸுக்கு முன்னாடி போட்டுரவா?" என்று கேட்டான். அன்றைக்குத்தான் எங்கள் ஹீட்டரைப் பிரித்துச் சரி செய்திருந்தோம். இருந்த எரிச்சலில் "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். முழுக்கதையையும் அவனுக்குச் சொல்லவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்தில் மூக்கையூர் பக்கம், கடலிலிருந்து நடந்து போகும் தூரம். 2021 அக்டோபரில் 100 லிட்டர் ஹீட்டர் போட்டோம். மொட்டை மாடியில் ஒரு தொட்டி, அதில் செருகிய கண்ணாடிக் குழல்களுக்குள் தண்ணீர் வெயிலில் காயும் வகை. அதுவரை கீசர்தான். அரையாண்டு லீவுக்கு அக்கா குடும்பம், சித்தப்பா குடும்பம் எல்லாம் வந்தால் வீட்டில் 12 பேர். ஸ்டார் விளக்கு, சீரியல் செட், இரவெல்லாம் ஃபேன், அதோடு கீசரும் ஓடினால் இரண்டு மாத கரன்ட் ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் காசு என்றால் பரவாயில்லை. இரண்டாவது நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் சேர்ந்து போய்விடும். ஹீட்டர் வந்த பிறகு எந்த டிசம்பரிலும் நாங்கள் 500-ஐத் தொடவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

வாடைக் காற்று அடிக்கும் காலத்திலும் வெயில் காய்ந்தால் சாயங்காலத் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். குழலின் இரண்டு கண்ணாடிச் சுவருக்கும் நடுவே வெற்றிடம் இருப்பதால் உள்ளே ஏறிய சூட்டைக் காற்றால் தொட முடியாது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, குழல்களும் தெற்குப் பார்த்துத்தான் படுத்திருக்கின்றன. இரண்டு நாள் விடாமல் மூட்டம் போட்டால்தான் கஷ்டம். அப்போது உள்ளே இருக்கும் மின் காயிலைப் போடலாம் என்பார்கள். போடாதீர்கள். இரண்டு பேர் குளிக்க வேண்டியிருந்தாலும் அது 100 லிட்டரையும் சேர்த்துத்தான் காய வைக்கும். 27 டிகிரித் தண்ணீரை 50-க்குக் கொண்டுவர ஏறக்குறைய இரண்டே முக்கால் யூனிட் ஆகும். போன வருஷம் விருந்தாளி யாரோ இரவு முழுக்க சுவிட்சை அணைக்காமல் விட்டுவிட்டார்கள். மறுநாளே அந்த சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டிவிட்டேன். மூட்டமான நாளில் இப்போதும் பழைய கீசர்தான், ஆளுக்கு ஒரு வாளி.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து கீழ்க் குளியலறை வரை 40 அடிக்கு முக்கால் இஞ்சுக் குழாய் வருகிறது. ஒருவர் குளித்து முடித்துக் கொஞ்ச நேரம் ஆனால் அதில் நிற்கும் தண்ணீர் ஆறிப்போகும். அடுத்தவர் திறந்ததும் மூன்று லிட்டருக்குப் பச்சைத் தண்ணீர்தான் வரும். ஆரம்பத்தில் நான் இதைப் பெரிதாக நினைக்கவில்லை, ஏனென்றால் அது போர்த் தண்ணீர். எங்கள் போரில் உப்பு, வாயில் வைக்க முடியாது.

அந்த உப்புதான் ஹீட்டரையும் கெடுத்தது. மெக்கானிக் ஒவ்வொரு குழலாக உருவிக் கவிழ்த்தார். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இறுகியிருந்தது, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. ஒரு குழலின் கீழ் முனையில் வெள்ளிப் பூச்சு பால் நிறமாக வெளுத்திருந்தது. வெளுத்தால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம் என்றார். அதை மாற்றினோம். ஸ்டாண்டின் கால்களைக் கடல் காற்று அரித்திருந்தது, சுரண்டி பெயின்ட் அடித்தோம். "இனி நல்ல தண்ணி விட்டாத்தான் நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். விற்ற கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்துத் தனித் தொட்டியில் ஏற்றி ஹீட்டருக்கு விடுகிறோம். அதனால் குழாயில் ஆறி நிற்கும் மூன்று லிட்டரும் நல்ல தண்ணீர். 12 பேர் விட்டு விட்டுக் குளித்தால் ஒரு நாளைக்கு ஒன்றரைக் குடத்துக்கு மேல் சாக்கடைக்குப் போகும். தள்ளுவண்டியில் குடம் அடுக்கித் தண்ணீருக்கு அலையும் ஊரில் இதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தண்ணீரைக் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் மனதில் நிற்கிறது. போன கிறிஸ்துமஸ் இரவு நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்ப எல்லோரும் ஒன்பது மணிக்கு மேல் குளித்தார்கள். வெந்நீர் இறங்க இறங்கத் தொட்டிக்குள் பச்சைத் தண்ணீர் ஏறும். கடைசியில் போன அம்மாவுக்கு வெதுவெதுப்புகூட மிஞ்சவில்லை. யாரிடமும் சொல்லாமல் பின்பக்கம் போய்ப் பனைமட்டையை எரித்து அண்டாவில் காயவைத்துக்கொண்டிருந்தார்.

மச்சானுக்கு மறுபடி போன் செய்தேன். குளியலறைக்கு நேர் மேலே தொட்டி வைக்க முடியுமா, நல்ல தண்ணீர் வசதி இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டுமே இல்லை என்றான். அப்படியானால் வேண்டாம் என்று திரும்பவும் சொன்னேன், இந்தத் தடவை கோபம் இல்லாமல்.

எங்கள் வீட்டில் ஹீட்டர் இருக்கும். 23-ஆம் தேதி அக்கா வருகிறார். குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்து, சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: முதல் தண்ணீரை இதில் பிடிக்கவும், அது பாத்திரம் கழுவ. அம்மா முதலில் குளிப்பார்.