பழைய டன்ஹிலா, டேனிஷ் கைவேலையா? ஒரே காசுக்கு எதை வாங்குவது

புகையிலை பிடிக்கும் பைப்புகளைச் சேகரிப்பதில் கொஞ்சம் ஊறியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். லண்டனின் டன்ஹில் நிறுவனம் செய்த, மேற்பரப்பு மேடுபள்ளமான பழைய ‘ஷெல்’ பைப்புகளில் நல்லதாகச் சில வாங்குவதா, அதே பணத்துக்கு டேனிஷ் மரபில் வந்த ஒரு கைவினைஞரின் ஒற்றைப் பைப்பை வாங்குவதா? நான் டன்ஹில் பக்கம் போனேன். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

புகையிலையின் கெடுதல் எல்லோருக்கும் தெரிந்ததே. சேகரிப்பவர்களில் சிலர் பைப்பைப் பற்றவைப்பதே இல்லை. பழைய பைப் ஒருமுறைகூடப் பற்றவைக்கப்படாமல் கிடைத்தால் அதற்குத்தான் விலை அதிகம்.

மரம் இரண்டுக்கும் ஒன்றுதான். மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிகா ஆர்போரியா என்ற செடியின் வேரடியில் திரளும் மரக்கட்டியைத்தான் பிரையர் என்கிறார்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்த கட்டியை அறுத்து, மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்துகிறார்கள். அப்படியும் செதுக்கும்போது உள்ளே ஒரு மணல் துளை தென்பட்டால் அந்தக் கட்டை உயர்ந்த தரத்துக்கு ஆகாது. இழை நேராக ஓடி, ஒரு குறையும் இல்லாமல் முடிகிற பைப் மிகச் சிலவே. விலை ஏறுவதற்கு இந்தக் கழிவும் ஒரு காரணம்.

டேனிஷ் பக்கத்தின் பலம் வடிவம். ஸ்வீடனில் பிறந்த சிக்ஸ்டன் ஐவர்சன் கோபன்ஹேகனில் பைப் பழுதுபார்க்கும் வேலையில் தொடங்கியவர். வழக்கமான ஆங்கில வடிவங்களுக்குள் கட்டையை அடக்காமல், இழை போகும் போக்குக்கு ஏற்ப வடிவத்தை அமைத்தார். மகன் லார்ஸ், பேத்தி நன்னா என்று அந்தக் கை தொடர்ந்தது. ஜப்பானியப் பைப் கைவினைஞர் ஹிரோயுகி தொகுதோமி சிக்ஸ்டனிடம் வந்து கற்றுப் போனார். இதே மரபில் பைப் செய்த ஸ்வீடன்காரர் போ நோர்த் 2006-இல் மறைந்தார். அவர் செய்தவற்றில் சில பத்தாயிரம் டாலரையும் தாண்டி விலைபோகின்றன. இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லையே. கண்ணுக்கு அழகு என்று பார்த்தால் டன்ஹில் இவற்றின் கிட்டே வராது.

ஆனாலும் நான் டன்ஹிலை எடுத்ததற்குக் காரணம், புகையிலை நிரப்பும் கிண்ணத்திலிருந்து நீளும் அதன் மரத் தண்டில் பதிந்திருக்கும் முத்திரைகள்.

ஆல்ஃப்ரெட் டன்ஹில் 1907-இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்து, 1910-இல் சொந்தமாகப் பைப் செய்யத் தொடங்கினார். மணலைப் பீய்ச்சி மரத்தின் மென்மையான பகுதிகளை அரித்து, மர வளையங்களை மேடாக நிற்கவைக்கும் ஷெல் முறைக்கு 1917-இல் காப்புரிமை கேட்டார். அல்ஜீரிய பிரையர் மென்மையானது என்பதால் பழைய ஷெல்களில் அந்த மேடுபள்ளம் ஆழமாக இருக்கும். வாயில் வைக்கும் ஊதுகுழலின் மேல் உள்ள வெள்ளைப் புள்ளி எல்லோர் கண்ணிலும் படும். சேகரிப்பவர் முதலில் பைப்பைத் திருப்பித் தண்டைத்தான் பார்ப்பார்.

அங்கே ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற எழுத்துகளை அடுத்து ஒரு சின்ன எண் இருக்கும். 1920-களின் தொடக்கத்திலிருந்து பதிந்து வரும் இந்த எண் ஆண்டைக் குறிக்கிறது. ஒரே எண் வெவ்வேறு பத்தாண்டுகளில் திரும்ப வரும் என்பதால் கூடவே உள்ள காப்புரிமை எண்ணையும் படிக்க வேண்டும். 417574/34 என்று இருந்தால் அது 1934-க்கு முந்தியதாக இருக்க முடியாது. வட்டத்துக்குள் அளவு எண் இருந்தால் 1950-களோ அதற்குப் பிந்தியதோ. இப்படி, பெட்டியோ ரசீதோ இல்லாத ஒரு பைப்பின் வயதை வாங்குபவரும் விற்பவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே விடைக்கு வர முடியும். பேரத்தில் வாய்ச்சொல்லுக்கு வேலை குறைகிறது. மறுவிற்பனையில் டன்ஹில் நிற்பது இதனால்தான்.

அதே காரணத்தால் இதன் பலவீனமும் அங்கேதான். எபனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன ஊதுகுழல் வெளிச்சம் பட்டுப் பச்சையும் பழுப்புமாக நிறம் மாறும். அதைப் போக்குகிறேன் என்று யாராவது மெருகுச் சக்கரத்தில் பிடித்துத் தண்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால் எண்கள் மழுங்கிவிடும். கிண்ணம் எவ்வளவு பளபளத்தாலும் முத்திரை போன பைப் பாதி விலைக்குக்கூடத் தேறாது. ஊதுகுழலை மாற்றியிருந்தாலும் அதே கதைதான். கரி படிந்த கிண்ணத்தைச் சுத்தம் செய்துவிடலாம்; அழிந்த எண்ணைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

டேனிஷ் பைப்பின் விலை, செய்தவரை அறிந்த சின்ன வட்டத்தின் ரசனையைச் சார்ந்தது என்பது என் எண்ணம். இதை அழுத்திச் சொல்ல மாட்டேன். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேனே தவிர, சொந்தமாக வாங்கி விற்றதில்லை. போ நோர்த் போன்ற பெரிய பெயர்களுக்கு வாங்க ஆள் தேடவே வேண்டியிருக்காது. நான் தயங்குவது அடுத்த வரிசைக் கைவினைஞர்களிடம். ஆயுளுக்கும் விற்கப்போவதில்லை, பார்த்து ரசிக்க ஒன்று போதும் என்பவருக்கு நான் டேனிஷ் பைப்பைத்தான் சொல்வேன்.

சரி, டன்ஹில்தான் என்று முடிவாகிவிட்டால், சாய்வான வெளிச்சத்தில் எடுத்த தண்டின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். கிண்ணத்தின் படங்களையே திரும்பத் திரும்ப அனுப்பினால் வேறு பைப்பைப் பாருங்கள்.