தீபாவளிச் சீட்டு: மதுரை செல்லூர்ப் பக்கம் மறுபடி அட்டை வருகிறது, சேராதீர்கள்

போன வாரம் எங்கள் தெருவுக்குப் புது அட்டை வந்துவிட்டது. பச்சை நிறம், மேலே லட்சுமி படம், வாரம் 150 ரூபாய், அடுத்த தீபாவளிக்கு வீடு தேடிச் சாமான் வருமாம். நடத்துகிற பெயர் வேறு. ஆனால் அட்டையின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் சாமான் பட்டியல், 2024இல் நாங்கள் ஏமாந்த அதே பட்டியல், வரி மாறவில்லை. பார்த்ததும் வயிறு கலங்கிப் போனது. அதனால்தான் நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். துணி, பலகாரச் சாமான், பட்டாசு, நாத்தனார் வீட்டுச் சீர் என்று தீபாவளி மாதம் 15,000 ரூபாய் கேட்கும். தையல் கூலியோ பண்டிகைக்கு முந்தின ராத்திரிதான் முழுசாகக் கைக்கு வரும். அதனால் வாரம் நூறு ரூபாய் கட்டி வந்தால் சாமான் கவலை தீர்ந்தது என்று நினைத்தேன். சிறுகச் சிறுகச் சேர்க்கும் அந்த எண்ணத்தில் தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். யாரிடம் கட்டினோம் என்பதில்தான் தப்பு.

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. 45 வாரம், அட்டைக்கு வாரம் 100. எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. சாமான் பட்டியல்: 25 கிலோ பொன்னி அரிசி, கடலை எண்ணெய் 3 லிட்டர், சர்க்கரை, மைதா, கடலை மாவு, உளுந்து, துவரம்பருப்பு, ஒரு கிலோ இனிப்பு, பட்டாசுப் பெட்டி, எவர்சில்வர் அண்டா, 5 கிராம் வெள்ளிக் காசு. சில்லறை விலையில் கூட்டிப் பார்த்தபோது 5,800 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. கட்டுவது 4,500. "எப்படிக்கா கட்டுப்படியாகும்?" என்று வசூலுக்கு வரும் அக்காவிடம் கேட்டேன். "கீழமாசி வீதியில மொத்த வெலைக்கு எடுக்குறாங்கத்தா, முந்தின வருசம் எல்லாருக்கும் கரெக்டா குடுத்தாங்கள்ல" என்றார். கொடுத்ததும் உண்மை. பக்கத்து வீட்டு மதினி வாங்கிய அண்டாவை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்தபிறகு கீழமாசி வீதிக்குப் போய் நானே விசாரித்தேன். மொத்தமாக எடுத்தாலும் அந்தப் பட்டியல் 5,200 ரூபாய்க்குக் குறையவில்லை. இதில் பத்து பேரைச் சேர்த்துவிட்டால் வசூல் செய்பவருக்கு ஒரு அட்டை இலவசம் என்று வேறு கணக்கு. பத்து அட்டைக்கு வருகிற பணம் 45,000. பதினோரு அட்டைக்குக் கொடுக்க வேண்டிய சாமான் 57,200. மீதி 12,200 எங்கிருந்து வரும்? அடுத்து சேருகிறவர்கள் பணத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். முதல் வருஷம் நூறு பேருக்கு ஒழுங்காகக் கொடுப்பார்கள். அதைப் பார்த்து ஆயிரம் பேர் சேருவோம். அந்த ஆயிரம் பேருக்குக் கொடுக்க வேண்டிய நாள் வரும்போது ஷட்டர் இறங்கிவிடும். இந்தப் பெருக்கலை நான் டிசம்பரிலேயே போட்டிருக்க வேண்டும்.

அட்டையைச் சொல்கிறேன், உங்களிடம் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மஞ்சள் அட்டை, 45 கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் நீலப் பேனாவில் ஒரு சுழிப்பு. பெயர் இல்லை, தேதி இல்லை, தொகை இல்லை. முகவரி என்ற இடத்தில் ஒரு செல்போன் எண். பதிவு எண் என்று எதுவும் கிடையாது. பின்பக்கப் பட்டியலுக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி: "பொருட்களின் எடை, தரம் நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது." நாற்பத்தைந்து வாரமும் அந்த அட்டை என் தையல் மெஷின் டிராயரில்தான் கிடந்தது. அந்த வரியை ஒருநாளும் படிக்கவில்லை.

2024 செப்டம்பர் நடுவில் மத்திய அரசு சமையல் எண்ணெய் இறக்குமதி வரியைக் கூட்டியது ஞாபகம் இருக்கும். கடையில் எண்ணெய் விலை ஏறியது. உடனே அட்டைக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள், கட்டாவிட்டால் எண்ணெயும் பட்டாசும் கிடையாது என்றார்கள். இறக்குமதி ஆவது பெரும்பாலும் பாமாயிலும் சோயாவும் சூரியகாந்தியும், இவர்கள் தருவதாகச் சொன்னதோ கடலை எண்ணெய். அதைக்கூட யோசிக்காமல் இரண்டு அட்டைக்கும் 600 கட்டினேன். ஆக மொத்தம் 9,600.

அக்டோபர் 20 சாமான் என்றார்கள். வரவில்லை. லாரி சிவகாசியில் நிற்கிறது, திருமங்கலம் தாண்டிவிட்டது என்று ஆளுக்கொரு பேச்சு. 26ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு ஒரு மினி வேன் வந்தது. தெருவில் பாதிப் பேருக்கு, வீட்டுக்கு ஒரு அட்டைக்கு மட்டும் சாமான். மூட்டையைத் தொடும் முன்பே அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். "அட்டை குடுத்தாத்தான் சாமான்." கூட்டத்தில் நானும் என் அட்டையை நீட்டிவிட்டேன்.

காலையில் பிரித்துப் பார்த்தால் அரிசி குருணையும் புழுக்க வாடையுமாக இருந்தது. ஒரு கிலோ கடலை மாவுப் பொட்டலத்தைத் தெருமுனைக் கடைத் தராசில் வைத்தேன், 820 கிராம். எண்ணெய் பாமாயில். பட்டாசுப் பெட்டியில் பாதிக்கு மேல் பொட்டுவெடியும் சாட்டையும். வெள்ளிக் காசை நகைக்கடைக்காரர் கல்லில் உரசிக் காட்டினார், உள்ளே செம்பு நிறம். அதைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா ஒன்றும் பேசவில்லை. பேத்தி காலுக்குக் கொலுசு செய்யும்போது சேர்த்துப் போடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

அம்மா அட்டைக்கு எதுவும் வரவில்லை. மிச்சம் ரெண்டு நாளில் வரும் என்ற பேச்சை நம்பி நாங்கள் யாரும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அதற்காகத்தான் அந்த ஒரு வேன் சாமானையே இறக்கினார்கள் என்று இப்போது புரிகிறது. 29ஆம் தேதி ஆபீஸ் பூட்டு, போன் ஆஃப். 31 தீபாவளி.

பெண்கள் எல்லாரும் வசூல் அக்கா வீட்டு வாசலில்தான் போய் நின்றோம். நானும் சத்தம் போட்டேன். அவர் உள்ளே போய்த் தன் மூன்று அட்டைகளை எடுத்துவந்து திண்ணையில் வைத்தார். அவர் மகளுக்கும் சேர்த்து 13,500 ரூபாய் கட்டியிருந்தார். அதன்பிறகு நாலு மாதம் அவர் தெருக்குழாய்க்குப் பகலில் வரவே இல்லை. நாங்கள் நம்பியது இந்த அக்காவை. பணம் வாங்கியவன் முகத்தை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. உங்களிடம் அட்டை நீட்டுபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பணம் யார் பெயரில் போகிறது என்று கேளுங்கள்.

அப்புறம், "பொருள் சீட்டுக்கு எல்லாம் சட்டம் கிடையாது" என்று சிலர் சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அப்படி இல்லை. 1982ஆம் வருஷத்து சிட் பண்டு சட்டப்படி அரசின் முன் அனுமதியும் பதிவும் இல்லாமல் சீட்டு நடத்தவே கூடாது. பதிவுத்துறையில், சீட்டுப் பதிவாளரிடம் விசாரிக்கலாம். தவணையாகப் பணம் வாங்கிப் பொருளாகத் தருவதாகச் சொல்லி ஏமாற்றினாலும் 1997ஆம் வருஷத்து தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வரும். புகாரை வாங்கி விசாரிப்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ். மதுரையிலேயே அதற்கு அலுவலகமும் உண்டு, தனி நீதிமன்றமும் உண்டு. நாங்கள் 2024 நவம்பரில் மனு கொடுத்தோம். விசாரணை நடக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. என் அட்டைக்கு ஆதாரமே இல்லை, நானே கொடுத்துவிட்டேனே. அம்மா அட்டையை வைத்துத்தான் என் மனு நிற்கிறது.

2025 தீபாவளிக்கு என்ன செய்தோம் என்று சிலர் கேட்டார்கள். வங்கியில் தீபாவளிக்கு முன்பே முடிகிற தொடர் வைப்பு, மாதம் 800. அஞ்சலகத்தில் 100 ரூபாயிலேயே தொடங்கலாம், ஆனால் அது ஐந்து வருஷக் கணக்கு, தீபாவளிக்கு ஒத்துவராது. துணி கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடியில் எடுத்தோம், பட்டாசு கூட்டுறவுக் கடையில். முறுக்கு, அதிரசம் இரண்டும் மதினி வீட்டு அடுப்பில் பங்கு போட்டுச் சுட்டோம், எண்ணெய்ச் செலவு பாதியானது. அக்டோபர் 20 காலையில் பிள்ளைகள் கையில் கம்பி மத்தாப்பு இருந்தது, கடன் இல்லை.

பழைய மஞ்சள் அட்டை யாரிடமாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், யார் கேட்டாலும் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். இதுவரை மனு கொடுக்காத பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிற திங்கட்கிழமை பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகிறோம். ஒரிஜினல் அட்டை, இரண்டு ஜெராக்ஸ், ஆதார் நகல், ஜிபேயில் கட்டியிருந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்கு செல்லூர் ரவுண்டானா பக்கம் வந்துவிடுங்கள். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ நிற்கும். வசூல் அக்காவும் வருகிறார்.