மூடிய ஜியாகா லேக், தடுமாறும் கென்னிவுட், மாறாத கனோபல்ஸ்: பழைய ஆட்களின் பக்கத்திலிருந்து ஓர் ஒப்பீடு

கிளீவ்லாந்து பக்கம் தொண்ணூறுகளில் பிள்ளை வளர்த்த தமிழ்க் குடும்பங்களிடம் ஜியாகா லேக் கேளிக்கைப் பூங்கா என்று பேச்செடுத்துப் பாருங்கள், லேசில் நிறுத்த மாட்டார்கள். கோடை விடுமுறையா, ஜியாகா லேக். ஆபீஸ் பிக்னிக்கா, ஜியாகா லேக். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருக்கிறார்களா, அதே ஏரியின் எதிர்க்கரையில் சீ வேர்ல்ட் இருந்தது, திமிங்கிலம் காட்டலாம். அந்த ஜியாகா லேக் இப்போது இல்லை. அதே குடும்பங்கள் பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிற கையோடு எட்டிப் பார்த்துவிட்டு வரும் கென்னிவுட் மட்டும் இன்னும் ஓடுகிறது. பென்சில்வேனியாவின் உட்பகுதியில், மரங்களுக்கு நடுவே இருக்கும் கனோபல்ஸும் ஓடுகிறது.

மூன்றுமே பழசு. மூன்றுமே மர ரோலர் கோஸ்டருக்குப் பேர்போனவை. அப்படியிருக்க ஒன்று ஏன் போனது, ஒன்று ஏன் தடுமாறுகிறது, ஒன்று எப்படி அசையாமல் நிற்கிறது? வருடா வருடம் சீசன் பாஸ் எடுத்தவர்களின் பக்கம் நின்று இதைப் பார்க்க நினைக்கிறேன். அவர்கள் வருத்தப்பட்டால், பழங்கதை பேசுகிறார்கள் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது தப்பு. ஒரு பூங்கா சரியத் தொடங்குவது முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

ஒரே ஆள் கட்டிய மரம்

ஜியாகா லேக், கென்னிவுட் இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியவை. ஜியாகா லேக் ரயில்பாதையோரத்து பிக்னிக் இடமாக ஆரம்பித்தது. கென்னிவுட்டை 1898இல் பிட்ஸ்பர்க்கின் டிராம் கம்பெனி தொடங்கியது. வார நாளில் வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையும் டிராம் ஏறட்டும் என்பதுதான் கணக்கு. அன்றைக்கு அமெரிக்காவில் இப்படி நூற்றுக்கணக்கான பூங்காக்கள் இருந்தன. மிஞ்சியவை கொஞ்சம்.

இரண்டுக்கும் இன்னொரு பொதுவும் உண்டு. ஜான் மில்லர் என்ற பொறியாளர். தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்து, வண்டி மேலே எகிறிப் போகாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் அவர். அது வந்த பிறகுதான் ரோலர் கோஸ்டரில் செங்குத்தான இறக்கமே சாத்தியமானது. கென்னிவுட்டின் ஜாக் ராபிட் (1920), ரேசர் (1927), ஜியாகா லேக்கின் பிக் டிப்பர் (1925) மூன்றும் அவர் வடிவமைத்தவை.

ஜாக் ராபிட்டில் ஒருமுறை உட்கார்ந்தால் புரியும். உயரமெல்லாம் ஒன்றுமில்லை, மொத்த இறக்கம் 70 அடிதான். ஆனால் அந்த இறக்கத்தை ஒரே மூச்சில் விடாமல், நடுவில் ஒரு படி வைத்து இரண்டாக உடைத்திருக்கிறார். முதல் பாதி இறங்கியதும் தரை வந்துவிட்டது என்று உடம்பு நம்பும். அந்த நொடியில் இரண்டாவது பாதி கீழே இழுக்கும். இருக்கைக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லாமல் போகும். 100 வருடத்துக்கு முந்தைய மரம் இன்றைக்கும் ஏழு வயதுக் குழந்தையையும் எழுபது வயதுக்காரரையும் ஒரே மாதிரி கத்த வைக்கிறது.

ஆக, மரத்தில் வித்தியாசம் இல்லை, வடிவமைத்த ஆளிலும் வித்தியாசம் இல்லை. பூங்கா யார் கையில் இருந்தது என்பதில்தான் கதை பிரிகிறது.

ஜியாகா லேக்: எட்டு வருடத்தில் எல்லாம்

1995இல் பிரீமியர் பார்க்ஸ் என்ற கம்பெனி ஜியாகா லேக்கை வாங்கியது. 1998இல் அதே கம்பெனி, நாடு முழுக்கப் பூங்காக்கள் வைத்திருந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸையும் வாங்கியது. 2000இல் ஜியாகா லேக்கின் பெயர் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் ஓஹையோ ஆனது. ஒரே சீசனில் நான்கு புது ரோலர் கோஸ்டர்கள். அடுத்த வருடம் எதிர்க்கரை சீ வேர்ல்டையும் 110 மில்லியன் டாலருக்கு வாங்கிச் சேர்த்தார்கள். ஏரியைச் சுற்றி ராட்டினம், மிருகக் காட்சி, தண்ணீர் விளையாட்டு எல்லாம் ஒரே டிக்கெட்டில். பெயர் மறுபடி மாறி, சிக்ஸ் ஃப்ளாக்ஸ் வேர்ல்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்.

அந்தச் சமயத்தில் இது வளர்ச்சி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கடன் வாங்கிக் கட்டிய கொண்டாட்டம் அது. குறுகிய கோடையும் நீண்ட பனிக்காலமும் உள்ள வடகிழக்கு ஓஹையோவில், மக்கள்தொகை பெருகாத ஊருக்குப் பக்கத்தில், அவ்வளவு பெரிய பூங்காவுக்குத் தீனி போட ஆள் இல்லை. 2004இல் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் இதை 145 மில்லியன் டாலருக்குக் கைகழுவியது. அந்தக் கம்பெனியே கடன் தாளாமல் 2009இல் திவால் பாதுகாப்புக்குப் போனது தனிக்கதை.

வாங்கியது யார்? சீடர் ஃபேர். எண்பது மைல் தள்ளி எரி ஏரிக்கரையில் சீடர் பாயின்ட் என்ற பெரிய பூங்காவை வைத்திருந்த கம்பெனி. அத்தனை வருடமும் ஜியாகா லேக்கின் போட்டியாளர். பழைய ஆட்களுக்கு நெஞ்சில் முள் தைத்தது இங்கேதான்.

பழைய பெயர் திரும்ப வந்தது. அது ஒன்றுதான் நல்ல செய்தி. மிருகங்கள் போயின. கார்ட்டூன் பாத்திரங்கள் போயின. பேட்மேன் கோஸ்டர் டாமினேட்டர் ஆனது, சூப்பர்மேன் ஸ்டீல் வெனம் ஆனது. 2005இல் எதிர்க்கரையில் புது தண்ணீர்ப் பூங்கா திறந்தார்கள். 2006 சீசனோடு பெரிய கோஸ்டர்களில் இரண்டைக் கழற்றி, கம்பெனியின் வேறு பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். ஒரு பூங்காவின் நல்ல ராட்டினம் லாரியில் ஏறி வேறு ஊருக்குப் போகிறதென்றால் அதற்கு மேல் என்ன அறிகுறி வேண்டும்?

2007 செப்டம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. சீசனின் கடைசி நாள். வழக்கம்போல் ஓடி, வழக்கம்போல் மூடினார்கள். ராட்டினங்கள் இனி இயங்காது என்ற அறிவிப்பு வந்தது ஐந்து நாள் கழித்து, 21ஆம் தேதி. எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், எழுபதுகளில் கிளீவ்லாந்து வந்தவர், அன்றைக்குப் போனில் கேட்டது இதுதான்: “ஏம்ப்பா, போன ஞாயித்துக்கிழமைகூட பேரன் போய்ட்டு வந்தானே, ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையே?”

எனக்கு இன்றுவரை ஆறாதது இந்த ஒரு விஷயம். வியாபாரம் நடக்கவில்லையென்றால் மூடத்தான் வேண்டும், அதில் சண்டையில்லை. ஆனால் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு வட்டாரமே வந்துபோன இடத்தில், இது கடைசி நாள் என்று தெரிந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு வர மக்களுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கலாம். பணமா செலவு? சொல்லப்போனால் கூட்டம் அலைமோதியிருக்கும்.

2008 ஜூனில் ஏலம். டாமினேட்டர் வர்ஜீனியா போனது. 1926ஆம் வருடத்துக் குதிரை ராட்டினம் பிற்பாடு கான்சாஸ் சிட்டி போனது. பிக் டிப்பரை ஐயாயிரம் டாலருக்கு ஒருவர் எடுத்தார், ஆனால் அது இடத்தைவிட்டு நகரவேயில்லை. புல் மண்டி, மரம் இற்று, 2016இல் இடித்தார்கள். அதே வருடம் தண்ணீர்ப் பூங்காவும் மூடப்பட்டது.

கென்னிவுட்: ஏமாற்றம் உண்டு, காது கேட்கிறது

கென்னிவுட்டை 1906இலிருந்து நூறு வருடம் இரண்டு உள்ளூர்க் குடும்பங்களின் கை நடத்தியது. ஹைவேயில் போகும்போது அங்கங்கே ஒரு மஞ்சள் அம்புக்குறி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே போனால் கென்னிவுட். பிட்ஸ்பர்க்காரர்களுக்கு அது போதும். பள்ளிக்கூடங்கள் தங்களுக்கென்று ஒரு பிக்னிக் நாள் வைத்திருக்கும். இத்தாலியர், போலந்துக்காரர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு நாள். மொனாங்கஹீலா ஆற்றுக்கு அந்தப் பக்கம் எட்கர் தாம்ஸன் எஃகு ஆலை தெரியும், அந்த ஆலைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் வளர்ந்த பூங்கா இது. 1987இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

2007 டிசம்பரில் குடும்பங்கள் பூங்காவை ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு விற்றன. ஜியாகா லேக் மூடிய அதே வருடம். அன்றைக்குப் பயந்தவர்கள் அதிகம், பயத்துக்குக் காரணமும் பிறகு கிடைத்தது. 1975இலிருந்து ஓடிய லாக் ஜாமர் படகுச் சறுக்கலை 2017இல் எடுத்தார்கள். அந்த இடத்தில் 2019இல் வந்த ஸ்டீல் கர்ட்டன், ஒன்பது தடவை தலைகீழாகப் புரட்டும் பெரிய இரும்பு கோஸ்டர், 2024 சீசன் முழுக்க ஓடாமல் நின்றது. அதற்காகவே தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் ஜியாகா லேக்கிலிருந்து கென்னிவுட் விலகி நிற்கும் இடம் ஒன்று உண்டு, அதன் பெயர் கங்காரு. 1962இலிருந்து அங்கே இருக்கும் சின்ன ராட்டினம். வண்டி சுற்றிவந்து ஒரு மேட்டில் ஏறி, அந்தரத்தில் துள்ளி, பொத்தென்று இறங்கும். இறங்கும்போது வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சத்தம் கொடுப்பார்கள். அந்த வகை ராட்டினத்தில் உலகில் மிஞ்சியது அது ஒன்றே. 2020 கடைசியில் அதற்கு ஓய்வு என்று அறிவித்தார்கள். ஊரே கொதித்தது. பிறகு நிர்வாகம் இறங்கிவந்து, பழுது பார்த்துத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்றது. 2022இல் கொண்டும் வந்தது.

மில்லியன் கணக்கில் கொட்டிய கோஸ்டர் வருமா நிற்குமா என்று தெரியாத பூங்காவில், சனங்கள் சண்டை போட்டு மீட்டது ஒரு துள்ளல் ராட்டினத்தை. பழைய ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான். புதுசு வேண்டாம், இருப்பதை ஓட்டுங்கள்.

2025இல் பூங்கா மறுபடி கைமாறி, டாலிவுட் பூங்காவை நடத்தும் ஹெர்ஷெண்ட் என்ற அமெரிக்கக் குடும்பக் கம்பெனியிடம் வந்திருக்கிறது. பராமரிப்புக்கு நல்ல பெயர் உள்ளவர்கள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பெயின்ட், கழிப்பறை, வரிசையில் நிற்பவர்களுக்கு நிழல் என்று சின்ன விஷயங்களில் அது தெரிய வேண்டும்.

கனோபல்ஸ்

எலிஸ்பர்க் என்ற சின்ன ஊர். 1926இல் தொடங்கி இன்றும் அதே குடும்பத்தின் கையில். நுழைவுக் கட்டணம் கிடையாது, பார்க்கிங்கும் இலவசம். எந்த ராட்டினம் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் டிக்கெட். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா எதிலும் ஏறப்போவதில்லை என்றால் அவர்களுக்கு ஒரு காசு செலவில்லை. ஓடைக்கரை மர நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போய், அங்கே மேசையில் விரித்துச் சாப்பிடலாம், யாரும் பையைத் துழாவ மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஓடைக்கரை என்பதால் வெள்ளம் வந்து பூங்காவை நாசம் செய்திருக்கிறது, 1972, 2006, 2011 என்று. ஒவ்வொரு தடவையும் சேறு வாரிவிட்டுத் திறந்தார்கள். கிளீவ்லாந்திலிருந்து போனால் ஐந்து மணி நேர டிரைவ், ஒருநாள் போய்த் திரும்புவது கஷ்டம்.

அங்கே ஃபீனிக்ஸ் என்று ஒரு மர கோஸ்டர் இருக்கிறது. 1947இல் டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் கட்டியது. அந்தப் பூங்கா மூடி, கோஸ்டர் சும்மா நின்றுகொண்டிருந்ததை கனோபல்ஸ்காரர்கள் வாங்கினார்கள். வரைபடம் இல்லை. பலகை பலகையாக அடையாளம் போட்டுக் கழற்றி, லாரியில் ஏற்றி பென்சில்வேனியா கொண்டுவந்து, 1985இல் ஓடவிட்டார்கள். உலகின் சிறந்த மர கோஸ்டர் என்று விருது வாங்கும் அளவுக்கு இன்றும் ஓடுகிறது. பிக் டிப்பரும் இதே மாதிரி ஒரு மரம்தான். அதைக் கழற்றிக் கொண்டுபோக ஓர் ஆள் வாய்க்கவில்லை.

இனி எதைக் கவனிப்பது

2024 ஜூலையில் சீடர் ஃபேரும் சிக்ஸ் ஃப்ளாக்ஸும் ஒன்றாகிவிட்டன. ஜியாகா லேக்கை ஒருவர் பின் ஒருவராக வைத்திருந்த இரண்டும் இன்று ஒரே கம்பெனி. மேரிலாந்தில் இருந்த சிக்ஸ் ஃப்ளாக்ஸ் அமெரிக்கா என்ற பூங்காவை 2025 நவம்பரில் மூடினார்கள். இந்தத் தடவை பல மாதம் முன்பே சொல்லிவிட்டதால் மக்கள் போய் விடைபெற முடிந்தது. கலிபோர்னியாவில் இவர்களின் கிரேட் அமெரிக்கா பூங்கா நிற்கும் நிலத்தை 2022லேயே விற்றாயிற்று. ஆகவே இன்று பெரிய கம்பெனியின் சிறிய பூங்கா ஒன்றுக்கு வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு வண்டி ஓட வேண்டிய கோஸ்டரில் ஒன்றே ஓடுகிறதா? சனிக்கிழமைகூடச் சாப்பாட்டுக் கடைகளில் பாதி ஷட்டர் இறங்கிக் கிடக்கிறதா? கழற்றிய ராட்டினத்தின் இடம் இரண்டு சீசனாக வெறும் கான்கிரீட்டாகக் கிடக்கிறதா? அடுத்த வருட பாஸ் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள். பூங்காவுக்கும் எழுதிப் போடுங்கள், கங்காரு அப்படித்தான் திரும்பி வந்தது.

இந்தக் கோடைக்கு எங்கே என்று கேட்டால்: வயதானவர்கள், கைக்குழந்தை கூட இருந்தால் கனோபல்ஸ், இரவு தங்குகிற மாதிரி. வளர்ந்த பிள்ளைகள் என்றால், பிட்ஸ்பர்க் கோயிலுக்குப் போகிற வாரக்கடைசியிலேயே கென்னிவுட்டையும் சேர்த்துவிடலாம், கோயிலிலிருந்து அரை மணி நேரத் தூரம்தான். வாசல் திறந்ததும் நேரே ஜாக் ராபிட்டுக்குப் போங்கள், கடைசி வரிசை இருக்கைக்குக் காத்திருந்து ஏறுங்கள். அந்த இரண்டாவது இறக்கம் முழுசாகக் கிடைப்பது அங்கேதான்.